மிதித்தது தெரியாத கால்

டிப்போவில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்குவதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒன்று இருக்கும், ஆளைக் கூப்பிடுவது இன்னொன்றாக இருக்கும். மீசையை என்றோ மழித்துவிட்ட ஓட்டுநருக்கு இன்னும் மீசை என்றுதான் பெயர். அந்த வகையில் அவளுக்குக் கிடைத்தது மெத்தை. பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்த மூன்றாவது மாதம், வண்டியில் நின்றுகொண்டே வந்த ஒரு பெண்மணி இறங்கும்போது, "பிரேக் போட்டதே தெரியலம்மா, மெத்தையில உக்காந்து வந்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஷிப்டுக்காகப் படியில் ஏறிக்கொண்டிருந்த மீசையின் காதில் அது விழுந்தது. அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக அவள் இளையவர்களுக்கு மெத்தையக்கா, மற்றவர்களுக்கு வெறும் மெத்தை.

பெயருக்கு ஏற்ற மாதிரிதான் ஓட்டினாள். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பேருந்தை நிறுத்துவது வலது பாதத்தின் பெருவிரல் மேட்டில் செய்கிற வேலை. பெடலின் முதல் அரை அங்குலத்தில் ஒன்றும் நடக்காது. அதற்கு மேல் ஒரு நூலளவு கூடினாலும் நிற்கிற கூட்டம் மொத்தமும் முன்னால் சாயும். அந்த நூலளவு அவள் பாதத்துக்குத் தெரியும். மூளையைக் கேட்காமலே தெரியும்.

அந்தப் பாதத்தில்தான் எறும்பு ஊர ஆரம்பித்தது.

முதலில் விரல் நுனிகளில். ஷூ இறுக்கம் என்று நினைத்து ஒரு அளவு பெரியதாக வாங்கினாள். எறும்பும் கூடவே பெரிய ஷூவுக்குள் குடி வந்தது. பிறகு படுக்கையில் கால் எரிய ஆரம்பித்தது. போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை; இரண்டு பாதங்களையும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுத்தாள். பூட்டு சாவிக் கடை வைத்திருந்த அவள் கணவர், "ராத்திரி எழுந்தா உன் கால்தான் இடிக்குது. வீட்டுக்கு நடுவுல டோல்கேட் போட்ட மாதிரி இருக்கு" என்று கேலி செய்தார். அவளும் சிரித்தாள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவள்தான். ஆனால் மாத்திரை போடுகிறோமே, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தாள். ரத்தப் பரிசோதனைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எரிச்சல் இருந்தவரைக்கும் பயமில்லை. எரிச்சல் குறைய ஆரம்பித்தபோதுதான் பயந்திருக்க வேண்டும். ஒருநாள் மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்தவளைக் கணவர் நிறுத்தி, "இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டார். குனிந்து பார்த்தாள். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு இரண்டு மாடிக்குக் கீழே, முதல் திருப்பத்தில் கிடந்தது. கழன்றதும் தெரியவில்லை, சிமென்ட் படியின் குளிர்ச்சியும் தெரியவில்லை.

"டாக்டரைப் பாரு" என்றார்.

"பாக்கறேன். இந்த மாசம் ஆள் குறைவு" என்றாள்.

அந்த மாதம் முடிவதற்குள் அது நடந்தது. காலை ஒன்பது மணி. நீதிமன்றத்துக்கு முன்னால் பாதசாரிகள் கடக்கும் கோடு. ஒரு தோட்டக்காரர் பூத்தொட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு சாலையைக் கடக்க ஆரம்பித்தார். அவரைத் தொலைவிலேயே பார்த்துவிட்டாள். எப்போதும்போல் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை, உறுமிக்கொண்டு முன்னால் போயிற்று. குனிந்து பார்த்தபோது அவள் பாதம் பாதி பிரேக்கிலும் பாதி ஆக்சிலரேட்டரிலும் இருந்தது. இழுத்து முழுக்க பிரேக்கில் வைத்து மிதித்தாள். உள்ளே ஆட்கள் சரிந்தார்கள், யாருடைய சாப்பாட்டுப் பாத்திரமோ உருண்டு ஓடியது. வண்டியின் முகப்புக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே ஒரு ஜாண் மிச்சமிருந்தது.

தோட்டக்காரர் கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். "தூங்கிட்டியாம்மா?"

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். கை பிரேக்கைப் போட்டாள். சாவியை எடுத்தாள். எழுந்து பயணிகளைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க. பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்குங்க. இதை நான் இனிமே ஓட்டக் கூடாது" என்றாள். பிறகு டிப்போவுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னாள்.

"வண்டிக்கு என்ன?" என்றது எதிர்க்குரல்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

அன்று மதியம் மேலாளர் மேசையில் சாவியை வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்தபோது மீசை அவளை ஓய்வறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்குப் பைத்தியமா? யார் மேலயும் படல, யாரும் புகார் கொடுக்கல. ஏன் வாயைத் திறந்த?"

"படல. அடுத்த தடவை?"

"அடுத்த தடவை பாத்து மிதிக்கணும். எல்லாருக்கும்தான் கால் மரத்துப்போகுது. அதுக்காக ஊரைக் கூட்டறாங்களா?"

அவள் அப்போது கோபத்தில் இருந்தாள். 'எல்லாருக்கும்தான்' என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்ததே தவிர, அதன் முழு அர்த்தம் உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

நரம்பு மருத்துவர் நிதானமான பெண். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். "தொடறப்ப சொல்லுங்க" என்றார். அவள் காத்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் திறந்தபோது வலது பாதத்தில் பத்து இடமும் தொட்டு முடிந்திருந்தது. ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இடது பாதத்தில் மூன்று தெரிந்திருந்தது.

"நடக்கும்போது எப்படி இருக்கு?"

"மெத்தை மேல நடக்கற மாதிரி" என்று சொன்னவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னாள். மருத்துவரும் சிரித்தார். அந்த ஒரு சிரிப்புதான் அன்று நடந்த நல்லது.

நரம்பில் மின்சாரம் செலுத்தி வேகம் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு விஷயம் தெரிந்தது. கட்டுப்படாத சர்க்கரை கால் நரம்புகளை நுனியிலிருந்து அரித்துக்கொண்டு வந்திருந்தது. கூடவே பி12 சத்தும் மிகக் குறைந்திருந்தது. வருடக்கணக்காகச் சாப்பிட்ட சர்க்கரை மாத்திரையே சிலருக்கு அதைக் குறைத்துவிடுமாம்.

"குணமாயிடுமா?" என்று கேட்டாள்.

"நேரா சொல்லட்டுமா?"

"நேராவே சொல்லுங்க. நான் டிரைவர். வளைவு வர்றது முன்னாடியே தெரியணும்."

"பி12 குறைவால போனதுல கொஞ்சம் திரும்பலாம். சர்க்கரையால போனது திரும்பறது கஷ்டம். ஆனா இதோட நிறுத்திப் பிடிக்கலாம். வலியைக் குறைக்கலாம். விழாம நடக்கக் கத்துக்கலாம். பாதத்துல புண் வராம காப்பாத்தலாம். இது எல்லாத்துலயும் எங்க வேலை பாதிதான், மீதி உங்க வேலை."

ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார். அவள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாள். தாளைப் படிக்காமல் அலமாரியில் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரின் தம்பி வந்தார். உலகத்தில் எந்த நோய்க்கும் மருந்து தெரிந்தவர், டாக்டருக்குப் படிக்காதது ஒன்றுதான் குறை. "அண்ணி, நரம்புன்னா சூடு கொடுக்கணும். சுடுதண்ணியில கல்லுப்பு போட்டு அரை மணி நேரம் காலை வைங்க. என் கூட வேலை பாக்கறவர் மாமனாருக்கு ஒரே வாரத்துல சரியாச்சு" என்றார். அவரே வாளியில் ஊற்றிக் கொடுத்தார். அவள் காலை வைத்தாள். இதமாகவும் இல்லை, சூடாகவும் இல்லை, ஒன்றுமே இல்லை. "இன்னும் கொஞ்சம் சூடு ஊத்துங்க தம்பி" என்று அவளேதான் கேட்டாள்.

கடையிலிருந்து வந்த கணவர் வாளியில் கையை விட்டார். விட்ட வேகத்தில் அலறிக்கொண்டு எடுத்தார்.

வலது பாதத்தின் மேலெல்லாம் கொப்புளம். அது ஆற ஏழு வாரம் ஆயிற்று. தினமும் கட்டு மாற்றப் போனாள். கட்டுப் போட்ட செவிலியர் அவளைத் திட்டவில்லை. "அந்தத் தாள்ல மூணாவது வரி சுடுதண்ணியைப் பத்தித்தான்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து தாளை எடுத்தாள். மூன்றாவது வரி அதுதான். கொழுந்தனார் மேல் வந்த கோபமெல்லாம் அந்த வரியில் வடிந்து, தன் மேல் திரும்பியது. இன்னும் சூடாக ஊற்றச் சொன்னது யார்? படிக்காமல் வைத்தது யார்?

அந்த ஏழு வாரமும் உட்கார்ந்தே இருந்தவள் மனதில் ஒன்று திடமாயிற்று. வண்டியை எடுக்கும் முன் டயர், விளக்கு, எண்ணெய் எல்லாம் பார்த்த பிறகே சாவியைத் திருப்புகிறவள் அவள். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. அந்தப் பார்வையில் பத்தில் ஒரு பங்கைத் தன் உடம்புக்குக் கொடுத்ததில்லை. "இனிமே நானும் ஒரு வண்டி" என்று கணவரிடம் சொன்னாள்.

"நல்லா ஓடற வண்டிதான். கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி" என்றார் அவர். மறுநாள் கடையிலிருந்து வரும்போது நீளமான கம்பியின் முனையில் வட்டக் கண்ணாடி ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்தார். குனியாமல் உள்ளங்காலைப் பார்க்க.

காலையும் மாலையும் கண்ணாடியைத் தரையில் பிடித்துப் பாதம் பார்த்தாள். ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவிய பிறகே கால் வைத்தாள். ஒருமுறை கணவரின் கடைச் சாவி ஒன்று உள்ளே கிடைத்தது, வெறுமனே போட்டிருந்தால் அது காலைக் குத்திக் கிழித்திருக்கும். வெள்ளை சாக்ஸ் மட்டுமே போட்டாள், ரத்தம் பட்டால் தெரியும் என்பதற்காக. குளிக்கிற தண்ணீரை வெப்பமானி வைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு முறையை மாற்றினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தாள்.

மருந்து அவ்வளவு சுலபமாக ஒத்துப்போகவில்லை. முதலில் கொடுத்த மாத்திரையில் எரிச்சல் அடங்கியது, ஆளும் அடங்கிவிட்டாள். பகலெல்லாம் தூக்கம், பேச்சு குழறியது. அளவைக் குறைத்தார்கள், எரிச்சல் திரும்பி வந்தது. வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். மருந்துக் கடைக்காரர் அதைப் பார்த்து, "இது மனச்சோர்வுக்குக் கொடுக்கறதாச்சே" என்றார். அவள் நேரே மருத்துவரிடம் போய் நின்றாள்.

"எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல டாக்டர். கால்லதான்."

"தெரியும்மா. அதே மருந்து நரம்பு வலியோட சத்தத்தையும் குறைக்கும். ரேடியோவை அணைக்க முடியல, சத்தத்தையாவது குறைப்போம். ஆறு வாரம் கொடுத்துப் பாருங்க. நடுவுல நீங்களா நிறுத்தாதீங்க."

ஐந்தாவது வாரம் போர்வைக்குள் காலை வைத்துத் தூங்கினாள்.

இயன்முறை மருத்துவப் பெண் அவளை ஒரு மூலையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சுவர் இருக்கும்படி வைத்து, கண்ணை மூடச் சொல்வாள். மூடிய அடுத்த நொடி உடம்பு மரம்போல் சாயும். பாதம் தரையைச் சொல்லாதபோது கண்தான் ஆளை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் நாள் இரண்டு வினாடி நின்றாள். வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள், குதிகாலில் நடந்தாள், நுனிக்காலில் நடந்தாள். இரண்டு முறை விழுந்தாள். ஒருமுறை முழங்கை வீங்கியது. அடுத்த நாள் வீங்கிய முழங்கையோடு போய் நின்றாள். மூன்றாவது மாத முடிவில் கண்ணை மூடி முப்பது வினாடி.

செவ்வாய்க்கிழமை தோறும் மருத்துவமனையின் ஒரு அறையில் இதே நோய் உள்ளவர்கள் கூடினார்கள். அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை. "நாலு பேர் உக்காந்து அழறதுக்கா?" என்றாள். கணவர்தான் வற்புறுத்தினார். அங்கே ஒரு வயலின் டீச்சர் இருந்தார். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தால் விரல் நுனிகள் மரத்துப் போனவர். நோய் போய்விட்டது, தந்தி தெரியவில்லை.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று மெத்தையக்கா கேட்டாள்.

"ஒரு வருஷம் பெட்டியைத் திறக்கல. அப்புறம் திறந்தேன். விரல் சொல்லலன்னா காது சொல்லட்டும்னு மெதுவா ஆரம்பிச்சேன். கச்சேரி முடியாது. சொல்லிக் கொடுக்க முடியுது." டீச்சர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரியாப் போச்சுன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். தினமும் கோபம் வருது. கோபத்தோடவே வாசிக்கறேன்" என்றார்.

அங்கே அழுதவர்களும் இருந்தார்கள். எந்தச் செருப்பு நல்லது, எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போட்டால் பகலில் தூக்கம் வராது, வேலை இடத்தில் எப்படிப் பேசுவது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கணவர் கிளப்புவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள்.

ஒன்பதாவது மாதம் மறுபடி நைலான் இழை. இடது பாதத்தில் எட்டு இடம் தெரிந்தது. வலது பாதத்தில் இரண்டு. மருத்துவர் சந்தோஷப்பட்டார். ஓட்டுநர் உரிமத்துக்குச் சான்று தரும் மருத்துவர் சந்தோஷப்படவில்லை. பேருந்து ஓட்ட இந்த வலது கால் போதாது என்று எழுதிவிட்டார்.

அவளுக்கு அது எதிர்பாராததில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். கணவர் அன்று கேலி பேசவில்லை. கடையைத் திறக்காமல் வெளி அறையில் உட்கார்ந்திருந்தார். மாலையில் கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள்.

"அந்த டாக்டர் எழுதினது சரிதான்" என்றாள். "அவர் இடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனா ஒண்ணு கேளுங்க. மீசை அன்னைக்கு என்ன சொன்னார்? எல்லாருக்கும்தான் மரத்துப்போகுதுன்னார். எல்லாருக்கும்னா யாருக்கு?"

மறுநாள் மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதை அவளுக்குத் தருவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதற்கு நன்றி சொல்லிவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தாள். டிப்போவில் உள்ள அறுபத்திரண்டு ஓட்டுநர்களுக்கும் பாதச் சோதனை நடத்த வேண்டும்.

"யாரும்மா வருவாங்க? வேலை போயிடும்னு பயப்படுவாங்க."

"அதனாலதான் மறைக்கறாங்க. மறைச்சுக்கிட்டே ஓட்டறாங்க. கால்ல குறை இருக்குன்னு தெரிஞ்சா ஆளை அனுப்ப மாட்டோம், வேற வேலை கொடுப்போம், வைத்தியம் பாத்துக்க நேரம் கொடுப்போம்னு நீங்க எழுதிக் கொடுங்க. நான் கூட்டிட்டு வரேன்."

"மேலிடத்துல கேக்கணும்."

"கேளுங்க. நான் வாரா வாரம் வந்து ஞாபகப்படுத்தறேன்."

சொன்னபடியே வந்தாள். நான்காவது வாரம் மேலாளர் அவளைக் கண்டதும் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தார் என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். பதினொன்றாவது வாரம் கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. ஓட்டுநர் சங்கமும் கையெழுத்துப் போட்டிருந்தது.

சோதனை நாளில், அவளுக்குக் கட்டுப் போட்ட அதே செவிலியர் மருத்துவமனையிலிருந்து வந்தார். ஓய்வறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. எல்லோருக்கும் திடீரென்று டயர் பார்க்கும் வேலை வந்துவிட்டது. மெத்தையக்கா முற்றத்துக்கு வந்தாள். எல்லோரும் பார்க்கத் தன் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றினாள். கொப்புளம் ஆறிய பாதத்தில் தோல் இன்னும் நிறம் மாறிப் பளபளத்தது.

"இது சுடுதண்ணி" என்றாள். "கொதிச்ச தண்ணியில காலை வச்சுக்கிட்டு, இன்னும் சூடு ஊத்துங்கன்னு கேட்டவ நான். அன்னைக்குத் தோட்டக்காரருக்கு ஒரு ஜாண் இருந்தது. எல்லாருக்கும் அந்த ஒரு ஜாண் கிடைக்காது."

யாரும் நகரவில்லை. பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, மீசை வந்தார். "என் காலைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அவர் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சின்ன ஆணி குத்தி நின்றிருந்தது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. செவிலியர் அதை எடுத்தபோதுகூட அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்ததைக் காட்டியபோது அவர் முகம் போன போக்கை மெத்தையக்கா மறக்கவில்லை. அவர் தோளில் கைவைத்து, "அண்ணே, நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்" என்றாள்.

அதற்குப் பிறகு வரிசை கட்டினார்கள். அறுபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. அதில் நான்கு பேருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. இருவருக்குப் பி12 குறைவு மட்டும். ஊசி போட்டு, சில மாதத்தில் பரிசோதனையில் தேறி வண்டிக்குத் திரும்பினார்கள். குறை லேசாக இருந்த நான்கு பேர் மாதாமாதம் சோதனை செய்துகொண்டு வண்டியிலேயே தொடர்ந்தார்கள். மூன்று பேர் வேறு வேலைக்கு மாறினார்கள். அவர்களில் மீசையும் ஒருவர். அவர் டிக்கெட் இயந்திரங்கள் பழுது பார்க்கும் பிரிவுக்குப் போனார். முதல் இரண்டு மாதம் மெத்தையக்காவோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, "எரிச்சலுக்கு மிளகாயில செஞ்ச களிம்பு தடவறாங்களாமே, உண்மையா? இருக்கற எரிச்சல் போதாதா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. வயலின் டீச்சர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார்.

கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு எட்டுத் திரைகளும் ஒரு மைக்கும். மணிக்கு ஒருமுறை எழுந்து அறைக்குள் பத்துச் சுற்று நடப்பாள். வலது கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. மழை நாளில் குத்தலும் உண்டு. மாத்திரை உண்டு, கண்ணாடி உண்டு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் உண்டு. வண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை போய்விட்டதா என்று யாராவது கேட்டால், "போகல. அதை எதுக்குப் போகச் சொல்லணும், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

சென்ற வாரம் நகரத்தின் மறுகோடியில் உள்ள டிப்போவின் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே நூற்றுப் பத்து ஓட்டுநர்கள். அவர்களுக்கும் பாதச் சோதனை நடத்தித் தர முடியுமா, அதற்கு என்னவெல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"செவிலியரை நான் கூட்டிட்டு வரேன்" என்றாள். "நீங்க ஒரு அறை மட்டும் ஒதுக்குங்க. ஜன்னல் இல்லாட்டியும் பரவாயில்ல, மூடற மாதிரி கதவு இருக்கணும். பெரிய பெரிய வண்டி ஓட்டறவங்களுக்கெல்லாம் சாக்ஸைக் கழட்டத்தான் வெக்கம்."

அவர் சிரித்துக்கொண்டே எந்தக் கிழமை என்று கேட்டார்.

"செவ்வாய் தவிர எந்தக் கிழமையும்" என்று சொல்லிவிட்டு, அவள் நாட்குறிப்பைத் திறந்தாள்.